காதில் கேட்கும் குரல் யாருடையது?

1940களின் கடைசியில் லூயிஸ் கூல்ட் என்ற அமெரிக்க மருத்துவர், காதில் ஓயாமல் குரல் கேட்பதாகச் சொன்ன ஒரு நோயாளியின் தொண்டைமேல் ஒலிவாங்கியை வைத்துப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவருக்கும் எட்டாத ஒரு முணுமுணுப்பு அதில் பதிவானது. ஒலியைப் பெருக்கினால், அத்தனையும் வார்த்தைகள். "குரல் என்ன சொல்கிறது?" என்று நோயாளியிடம் கேட்டார். அவர் சொன்னதும் அந்த முணுமுணுப்பும் ஒத்துப்போயின.

பேசுவதும் அவரே, கேட்பதும் அவரே. ஆனால் பேசுவது தான்தான் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. இது எப்படி?

மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இப்படிக் குரல் கேட்கிறது. "அதெல்லாம் ஒன்றுமில்லை, உன் கற்பனை" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வது தவறு என்பதை மூளைப் படங்களே காட்டுகின்றன. 1999இல் ஜெர்மனியில், குரல் கேட்கும் நோயாளிகளை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, குரல் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்திய நேரங்களில் முதன்மைச் செவிப்புறணி, அதாவது வெளியிலிருந்து வரும் சத்தம் மூளையின் மேற்பரப்பில் முதலில் போய்ச் சேரும் இடம், உயிர்பெற்றிருந்தது. அவர்கள் குரலைக் கற்பனை செய்யவில்லை, கேட்டார்கள். அதற்கு முன்பே, 1993இல் லண்டன் ஆய்வு ஒன்று, குரல் கேட்கும் சமயத்தில் புரோக்கா பகுதியில் இரத்த ஓட்டம் கூடுவதைக் கண்டிருந்தது. புரோக்கா பகுதி நாம் பேசுவதற்கான இடம். கூல்டின் ஒலிவாங்கி கேட்டது சரிதான்.

இப்போது ஒரு சின்னச் சோதனை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் கண்ணின் வெளி ஓரத்தை இமைக்கு மேலாக மெதுவாகத் தட்டுங்கள். எதிரே உள்ள சுவர் ஆடும். அதே கண்ணை நீங்களாக இடமும் வலமும் உருட்டுங்கள். சுவர் அசையாது. இரண்டிலும் கண்ணுக்குள் பிம்பம் நகரத்தான் செய்கிறது. கண்ணை நீங்களாக உருட்டும்போது மூளை அந்தக் கட்டளையின் நகல் ஒன்றைப் பார்வைப் பகுதிக்கும் அனுப்பிவிடுகிறது: "இது நம் வேலை, கழித்துவிடு." விரலால் தட்டும்போது அந்த நகல் போவதில்லை.

காதுக்கும் இதே ஏற்பாடு உண்டு. ராத்திரி முழுக்கக் கத்தும் சுவர்க்கோழிக்கு அதன் சத்தத்தாலேயே காது மந்தமாகிவிட வேண்டும். ஆகாததற்குக் காரணம் ஒரே ஒரு நரம்பணு என்று 2006இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள். இறக்கையைத் தேய்க்கும் கட்டளை கிளம்பும் ஒவ்வொரு முறையும், அந்த அணு செவி நரம்புகளைச் சட்டென்று அடக்குகிறது. எனக்கு இதில் தீராத வியப்பு. தன் குரலைத் தன் குரலென்று அறிவது ஒரு பூச்சிக்கும் அத்தனை அவசியமாக இருக்கிறது.

மனிதரிலும் இதை அளக்கலாம். ஒரு சத்தம் காதில் விழுந்து 0.1 நொடியில் மூளை மின்பதிவில் ஓர் அலை எழும். நாமே பேசும்போது அந்த அலை தாழ்ந்துவிடும். மனச்சிதைவு உள்ளவர்களில் அது போதுமான அளவு தாழ்வதில்லை.

சரி, அடக்குவது தவறினால் தன் பேச்சு உரக்கக் கேட்கும், அவ்வளவுதானே? அது எப்படி அடுத்தவர் குரலாகும்? 2024இல் ஷாங்காயிலிருந்து வந்த ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைத்தது. குரல் கேட்கும் 20 பேர், கேட்காத 20 பேர், எல்லோரும் மனச்சிதைவு உள்ளவர்கள். ஓர் அசையைச் சொல்லத் தயாராகச் சொல்லி, வாய் திறக்கும் முன் ஏதோ ஓர் அசையை அவர்கள் காதில் ஒலிக்கவிட்டார்கள். வழக்கமாக, பேச்சுக் கட்டளையின் நகல் முன்கூட்டியே போய்ச் சேர்வதால், சொல்லப்போகும் அசைக்கு மட்டும்தான் செவிப்புறணி கூர்மையாகும். குரல் கேட்பவர்களில், சொல்ல நினைக்காத அசைக்கும் அது துள்ளியது. அடக்கும் சைகையும் வேலை செய்யவில்லை, போன நகலும் கலங்கல். 'நான் சொல்ல வந்தது இது' என்ற முத்திரை அழிந்துபோன பேச்சு, வேறொருவருடையதாகக் கேட்பதில் ஆச்சரியமில்லை.

மூளையில் சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் பலருக்குக் குரலை அடக்குகின்றன. சிலருக்கு மாத்திரை சாப்பிட்டும் கேட்கிறது. அவர்களுக்காக, இடது காதுக்குச் சற்று மேலே காந்தத் துடிப்பு கொடுக்கும் முறையையும் முயன்று வருகிறார்கள். 1987இல் நடந்த ஒரு சோதனையில், வாயை அகலத் திறந்து வைத்திருக்கச் சொன்னதற்கே 18 பேரில் 14 பேருக்குக் குரல் நின்றது. வாய் திறந்திருந்தால் முணுமுணுக்க முடியாது அல்லவா?

பேச்சு நம்முடையது என்றால், அதன் தொனியும் நாம் வாழும் வீட்டிலிருந்தே வர வேண்டும். மானுடவியலாளர் தான்யா லுஹர்மன் கலிபோர்னியா, கானா நாட்டின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் தலா 20 பேரிடம் அவர்களுடைய குரல்களைப் பற்றிப் பேசினார். 2015இல் முடிவுகள் வெளியாயின. அமெரிக்கர்கள் வன்முறை பேசும் குரல்களைச் சொன்னார்கள். அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் திட்டும் குரல்களும் உண்டு. ஆனால் பாதிப் பேருக்கு மேல் கேட்டது சொந்தபந்தத்தின் குரல்: அம்மா, மாமியார், நாத்தனார். போய்க் குளி, சமையலைப் பார் என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள்.