கேரக்டர்: அச்சா, பாத்திரமா, சாயலா?

"வேதாகம வீரர்களில் தேவனுடைய கேரக்டர்" என்று ஒரு தலைப்பு. செய்தி கொடுப்பவர்களுக்கும் வேதபாடம் நடத்துபவர்களுக்கும் பழகிய தலைப்புதான், நானும் எழுதியிருக்கிறேன். யோசேப்பிடம் மன்னிப்பு, ரூத்திடம் உண்மை, மோசேயிடம் சாந்தம் என்று ஆளுக்கு ஒரு குணம் ஒட்டிக்கொண்டே போனால் செய்தி தயார். அந்த 'கேரக்டரை' நல்ல தமிழில் எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். குணம், குணாதிசயம், பண்பு, இயல்பு, சுபாவம், பாத்திரம் என ஆறு சொற்கள் கைக்கு வந்தன. ஆறும் வேறு வேறு சங்கதி.

முதலில் மூலச்சொல். கிரேக்கத்தில் அது 'கராக்டேர்'. கீறுதல், செதுக்குதல் என்று பொருள்படும் ஒரு வினையிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் செதுக்கும் கருவியையும், நாணயத்தில் உருவம் பதிக்கும் அச்சையும் குறித்தது; அப்புறம் அந்த அச்சு விட்டுச்சென்ற பதிவையும் குறித்தது. கி.மு. 4-ம் நூற்றாண்டில் தியோஃபிராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞர் முகஸ்துதி செய்பவன், கஞ்சன், வாயாடி என்று 30 வகை ஆட்களைப் படம்பிடித்து எழுதி, அதற்கு இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார். நாணயத்தில் பதிந்த முத்திரை இப்படித்தான் மனிதன்மேல் பதிந்த முத்திரையாக மாறிப்போனது. நாடகத்தில், கதையில் வரும் ஆள் என்ற பொருள் வெகுகாலம் கழித்து ஐரோப்பிய மொழிகளில் ஒட்டிக்கொண்டது.

புதிய ஏற்பாட்டில் இந்தக் கிரேக்கச் சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, எபிரெயர் 1:3-ல். பழைய மொழிபெயர்ப்பில் அது "அவருடைய தன்மையின் சொரூபம்". 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "இயல்பின் அச்சுப் பதிவு" என்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் நாணய அச்சின் வாசனை அதில் அப்படியே இருக்கிறது. பிள்ளையைப் பார்த்து "அச்சு அசல் அப்பாதான்" என்று நாம் சொல்வோமே, அதே அச்சு.

ஆனால் கவனியுங்கள், அந்தச் சொல் யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது? தேவனுடைய குமாரனாகிய இயேசுவுக்கு. ஆபிரகாமுக்கு இல்லை, மோசேக்கு இல்லை, தாவீதுக்கும் இல்லை. அதே நிருபத்தின் 11-ம் அதிகாரம்தான் நாம் 'விசுவாச வீரர்கள்' என்று சொல்லும் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்துகிறது, கிதியோன், சிம்சோன், யெப்தா உட்பட. அங்கே ஒருவருக்கும் இந்த அச்சு என்ற சொல் இல்லை. அவர்கள் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள், அவ்வளவுதான். ஆகவே என் பழைய தலைப்பு சொல் அளவிலேயே கொஞ்சம் பெரிய சட்டை.

சரி, தமிழ்ச் சொற்களுக்கு வருவோம்.

குணம் வடசொல். அதற்கு நூல், கயிறு, வில்லின் நாண் என்றெல்லாம்கூடப் பொருள் உண்டு. சபைத் தமிழில் நாம் அதிகம் புழங்குவது குணாதிசயம். குணமும் அதிசயமும் சேர்ந்த சொல், அதாவது சிறப்பான, மேலான குணம். அதனால் "அவனிடம் ஒரு கெட்ட குணாதிசயம்" என்று எழுதினால் சொல்லே தலையைச் சொறியும். தேவனைப் பற்றிச் சொல்லப் பொருத்தமான சொல்தான், ஆனால் சிம்சோனுடைய கோபத்தையும் அதே பெட்டியில் போட முடியாது.

பண்பும் இயல்பும் நம்முடையவை. இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம், ஆனால் நடுவில் ஒரு நல்ல கோடு இருக்கிறது. நிலத்தைப் பண்படுத்துகிறோம் என்கிறோம் அல்லவா, அதுபோல உழுது, களை எடுத்து, காலம் கொடுத்து வருவது பண்பு. யாரும் உண்டாக்காமல் தானாகவே இருப்பது இயல்பு. அப்படிப் பார்த்தால் தேவனுக்கு இருப்பது இயல்பு, மனிதனுக்குள் வளருவது பண்பு. யாத்திராகமம் 34:6-ல் கர்த்தர் தம்மைத் தாமே அறிவிக்கும்போது சொல்கிற இரக்கம், கிருபை, நீடிய சாந்தம், மகா தயை, சத்தியம் என்ற ஐந்தும் அவர் கற்றுக்கொண்டவை அல்ல. மோசேயின் சாந்தம் அப்படியில்லை. எகிப்தியனை அடித்துக் கொன்று மணலில் புதைத்த ஆள், பல வருஷம் ஆடு மேய்த்த ஆள், அவனைப் பற்றித்தான் எண்ணாகமம் 12:3 பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்கிறது.

அதே மோசே எண்ணாகமம் 20-ல் என்ன செய்தான் என்று பாருங்கள். தண்ணீர் இல்லை என்று ஜனங்கள் முறையிட்டபோது, கன்மலையைப் பார்த்துப் பேசச் சொன்னார் தேவன். அந்த இடத்தில் ஜனங்கள்மேல் அவர் கோபப்பட்டதாக ஒரு வரிகூட இல்லை. மோசேதான் "கலகக்காரரே" என்று சத்தம் போட்டு, கோலால் இரண்டுதரம் அடித்தான். தண்ணீர் வந்தது, ஏராளமாகவே வந்தது. ஆனால் இஸ்ரவேல் புத்திரரின் கண்களுக்கு முன்பாக என்னைப் பரிசுத்தம்பண்ணவில்லை என்று சொல்லி, கானானுக்குள் போகும் வாய்ப்பை தேவன் எடுத்துவிட்டார். ஒரு அடிக்கு இவ்வளவு தண்டனையா என்று எனக்கு வெகுநாள் உறுத்தல். இப்போது நான் அதை வாசிப்பது இப்படி: தேவன் கோபமாக இல்லாத நேரத்தில் அவர் கோபமாக இருப்பதுபோல ஜனங்களுக்குக் காட்டிவிட்டான். தலைவனைப் பார்த்துத்தான் ஜனங்கள் தேவனைப் புரிந்துகொள்வார்கள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு வேடிக்கையான சொல் குணசாலி. ரூத் 3:11-ல் போவாஸ் ரூத்தைப் பார்த்து "நீ குணசாலி" என்கிறான். எபிரெயத்தில் அங்கே இருப்பது 'ஹாயில்', அதாவது பலம், திறமை, வீரம், சொத்து எல்லாம் கலந்த சொல். ரூத் 2:1-ல் போவாஸுக்கும் அதே சொல்தான், ஆனால் தமிழில் "ஆஸ்திக்காரன்" ஆகிவிட்டது. நியாயாதிபதிகள் 6:12-ல், மீதியானியருக்குப் பயந்து ஆலைக்குள் ஒளிந்து கோதுமை போரடித்துக்கொண்டிருந்த கிதியோனுக்கும் அதே ஹாயில்தான், அங்கே தமிழ் "பராக்கிரமசாலி". ஒரே சொல் பெண்ணுக்குக் குணம், ஒரு ஆணுக்குச் சொத்து, இன்னொருவனுக்கு வீரம்! மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லவில்லை, இடம் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ரூத்தும் ஒரு பராக்கிரமசாலி என்பது தமிழில் வாசிப்பவருக்குத் தெரியாமலே போகிறது.

அடுத்தது பாத்திரம். கதாபாத்திரம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். வடமொழியில் பாத்திரம் என்றால் கலம். எதையாவது பெறத் தகுதியுள்ளவர். நாடகத்தில் வேடம் ஏற்பவர். மூன்றும் உண்டு. முதல் இரண்டும் தமிழ் வேதாகமத்தில் அப்படியே கிடைக்கின்றன. பவுலைப் பற்றி "தெரிந்துகொண்ட பாத்திரம்" என்று அப்போஸ்தலர் 9:15-ல் வருவது கலம். இயேசு சொன்ன உவமையில், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்த இளைய குமாரன் "நான் பாத்திரன் அல்ல" என்று சொல்வது தகுதி. வேதாகமக் கதையின் ஆட்களுக்குக் கதாபாத்திரம் என்ற சொல் எதேச்சையாகவே நன்றாகப் பொருந்திவிடுகிறது என்று நினைக்கிறேன், கலத்துக்கு மதிப்பு உள்ளே ஊற்றியதால்தானே. 2 கொரிந்தியர் 4:7-ன் மண்பாண்டமும் அதையே சொல்கிறது.

ஆனாலும் என் தலைப்புக்கு நான் தேடிய சொல் கடைசியில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே கிடைத்தது. சாயல். "நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும்" என்கிற இடத்தில் எபிரெயம் செலெம், தெமூத் என்று இரண்டு சொற்களைப் போடுகிறது. செலெம் ஒன்றும் உயர்ந்த சொல் அல்ல, விக்கிரகத்துக்கும் அதுதான், 1 சாமுவேல் 6-ல் பெலிஸ்தர் பொன்னால் செய்த சுண்டெலி உருவங்களுக்கும் அதுதான். தமிழின் சாயல் வேறு வழியில் வந்தது. தொல்காப்பியத்தின் உரியியல் "சாயல் மென்மை" என்கிறது. பழைய பாட்டுகளில் அது மென்மை, அழகு. ஒப்புமை என்ற பொருள் பின்னால் ஏறியது. இன்று "அம்மா சாயல்" என்றால் என்ன? மூக்கில் கொஞ்சம், சிரிப்பில் கொஞ்சம், ஒரு பக்கம் பார்த்தால் தெரியும், மறுபக்கம் திரும்பினால் காணோம். அச்சுக்கும் சாயலுக்கும் உள்ள தூரம் அதுதான்.

எல்லா இடத்திலும் இந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பு காப்பாற்றவில்லை. 'எய்கோன்' என்ற ஒரே கிரேக்கச் சொல் கொலோசெயர் 1:15-ல் கிறிஸ்துவுக்கு "தற்சுரூபம்", 2 கொரிந்தியர் 3:18-ல் நமக்குச் "சாயல்", ஆனால் அடுத்த அதிகாரம் 4:4-ல் கிறிஸ்துவுக்கும் சாயல்தான். பரவாயில்லை, தமிழ்க் காதுக்குச் சாயல் என்றால் முழுப்பதிவு இல்லை என்பது போதும்.

தாவீதை எடுத்துக்கொள்ளுங்கள். 2 சாமுவேல் 9-ல், சவுலின் வீட்டாரில் யாராவது மீதி இருக்கிறார்களா, நான் தயைசெய்ய வேண்டும் என்று கேட்கிறான். தமிழில் "தேவன் நிமித்தம்" என்று இருக்கிறது, எபிரெயத்தில் நேராக "தேவனுடைய ஹெசேத்" என்றே இருக்கிறது. யாத்திராகமம் 34:6-ல் மகா தயை என்று வருகிறதே, அதே ஹெசேத். தேடி வரவழைத்த மேவிபோசேத் இரண்டு காலும் முடமானவன், பழைய ராஜாவின் பேரன். மற்ற அரண்மனைகளில் அப்படி ஒருவனைத் தேடுவது கொல்வதற்காக. இங்கே ராஜாவின் பந்தியில் நித்தம் சாப்பாடு. சாயல் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு அதிகாரம் தள்ளிப் போனால் பத்சேபாளோடு விபசாரம், அவள் கணவன் உரியாவைச் சாகடிக்கத் தளபதி யோவாபுக்கு எழுதிய கடிதம். அதே முகம்தான், சாயல் எங்கே போனது?

அதனால் இப்போது கேட்டால் "விசுவாச வீரர்களில் தேவனுடைய இயல்பின் சாயல்" என்றுதான் எழுதுவேன். நீளம்தான், இருக்கட்டும்.

நினிவே நகரத்தை எச்சரிக்கப் போகச் சொன்னபோது தேவனுக்குத் தப்பி ஓடிய தீர்க்கதரிசி யோனாவை இந்தத் தலைப்புக்குள் எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. யாத்திராகமம் 34:6 அவனுக்கு மனப்பாடம். இரக்கம், மன உருக்கம், நீடிய சாந்தம், மிகுந்த கிருபை என்று கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை யோனா 4:2-ல் ஒப்பிக்கிறான், அதுவும் புகாராக: நீர் இப்படிப்பட்டவர் என்று தெரிந்துதானே முன்னமே ஓடிப்போனேன் என்று. சொல்லிவிட்டு நினிவேக்குக் கிழக்கே போய் ஒரு குடிசை போட்டு, நகரத்துக்கு என்ன ஆகுமோ பார்ப்போம் என்று நிழலில் உட்கார்ந்துகொண்டான்.