பத்து நாளில் ஏறாத பாயிண்ட்

கடலூர் முதுநகரில் மீன் விற்கும் அக்கா ஒருவர் எங்கள் லேபுக்கு வந்தார். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபின் 8 பாயிண்ட். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். பத்தாம் நாள் அவராகவே வந்து கையை நீட்டினார். 8.4.

"என்னம்மா, அரை பாயிண்ட்கூட ஏறல. பேசாம ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திக்கவா?"

வாரத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். ஒரு பாட்டில் ஏற்றினாலும் சுமார் ஒரு பாயிண்ட்தான் கூடும்.

ஊதா மூடிக் குழாயில் இருந்த அவர் ரத்தத்தையே மெஷினில் சுற்றிக் காட்டினேன். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, அடியில் சிவப்பணுக்கள், நடுவே நூல் கனத்தில் வெளுத்த படலம். அந்த நூலில்தான் வெள்ளையணுக்களும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் இருக்கின்றன. நல்ல ரத்தத்தில் சிவப்பு பாதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அக்காவுக்குக் கால்வாசிதான். "மஞ்சத்தண்ணியாவுல்ல இருக்கு!" என்றார். 'ரத்தம் கம்மி' என்கிறோமே, பெரும்பாலும் ரத்தத்தின் அளவு குறைவதில்லை. 100 மில்லியில் 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.4 கிராம்தான் இருக்கிறது, அவ்வளவுதான்.

சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது. கருவில் சில மாதம் கல்லீரல் பார்த்த வேலை இது. வளர்ந்தபின் இடுப்பு, முதுகெலும்பு, மார்பு, விலா எலும்புகள் பார்க்கின்றன. மூன்று வகை அணுக்களுக்கும் மூலம் ஒரே தாய் அணுதான். ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனை அனுப்பி மஜ்ஜையை முடுக்கும். இளம் அணு பலமுறை பிரிந்து, ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, கடைசியில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்டு ரத்தத்தில் இறங்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அப்புறம் 120 நாள் ஓடும். இரும்பு போதாவிட்டால் சிறுத்து, நடுவில் வெளுத்து வரும்; மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வளையல் மாதிரி இருக்கும். பி12, ஃபோலிக் அமிலம் குறைந்தால் நேர்மாறு: பிரிய முடியாமல் ஊதிப்போகும்.

ஆகவே பத்து நாளில் பார்க்க வேண்டியது ரெட்டிகுலோசைட் என்ற இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை. அக்காவுக்கு அது ஏறியிருந்தது. மாத்திரை வேலை செய்கிறது! இரண்டு பாயிண்ட் ஏற மூன்று நாலு வாரமாவது வேண்டும். அளவு சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள், உடம்பின் இரும்புக் கையிருப்பு நிரம்பத்தான். மலம் கறுத்துப்போவது மாத்திரையால். பயந்து நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர்.

"மாத்திரையை எதோட போடறீங்க?"

"விடியக்காலம் ஏலத்துக்குப் போறப்ப டீயோடதான்."

டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொன்னேன். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "மாசாமாசம் எட்டு நாள் போவுது, அதுவும் காரணமா இருக்குமா?" என்றார். டாக்டரிடம் சொல்லவில்லையாம். ஆம்பளை டாக்டராச்சே! ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் அதை நானே எழுதி, அப்படியே அவரிடம் நீட்டச் சொல்லி அனுப்பினேன்.