வயிரம்: வால்நட் பலகையில் நிறம் ஏறும் இடம்

வால்நட் மரத்தின் நிறத்தை அது வளரும் சூழல் பாதிக்குமா என்னும் கேள்விக்கு விடை தேடும் முன், ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். மர வணிகத்தில் ‘ஹார்ட்வுட்’ என்று தமிழ் எழுத்தில் எழுதும்போது, ஆங்கிலத்தின் இரு வேறு சொற்கள் ஒரே வடிவத்தில் அடங்கிவிடுகின்றன. ஒன்று (hardwood), அகன்ற இலை மரங்களின் கட்டையைக் குறிப்பது. அதனை வன்மரம் எனலாம். மற்றொன்று (heartwood), அடிமரத்தின் உட்புறத்தில் உயிரணுக்கள் மடிந்து, நீரேற்றம் நின்று, பல மரங்களில் நிறமும் ஏறிய பகுதியைக் குறிப்பது. இந்த இரண்டாவதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதே இல்லை. வயிரம், காழ், சேகு என மூன்று சொற்கள் நம்மிடம் உள்ளன.

அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. பனையும் மூங்கிலும் புல்லாவது இதனால்தான். வயிரம் ‘வஜ்ர’ என்னும் வடசொல்லின் வழி வந்து, மணிக்கும் மரத்தின் உள்ளுறுதிக்கும் பொதுப்பெயராயிற்று. இவை யாவும் உறுதியைச் சுட்டும் பெயர்களே. நிறத்தைச் சுட்டுவது இவற்றின் எதிர்ச்சொல்லாகிய வெளிறு, அதாவது வயிரம் ஏறாத வெளிப்பகுதி.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரிய கருப்பு வால்நட் மரத்தில் இவ்வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும்: வெளிறு பாலேட்டு நிறம், வயிரம் சில வேளை ஊதாச் சாயல் கலந்த கரும்பழுப்பு. வெளிறு வயிரமாக மாறும் எல்லையில், உயிரணுக்களில் சேர்ந்திருந்த நிறமற்ற பீனால் சேர்மங்கள் சிதைந்து ஆக்சிஜனேற்றம் அடைவதால் இந்நிறம் தோன்றுகிறது. ஆகவே, வளரும் சூழல் நிறத்தைப் பாதிக்குமா என்னும் கேள்வி, அது வயிரம் ஏறும் முறையைப் பாதிக்குமா என்பதே ஆகும். ஆழமான, நீர் தேங்காத ஆற்றோர வண்டல் மண்ணில் விரைந்து வளரும் மரத்தில் வெளிறு அகலமாக இருக்கும். கருநிறப் பலகை அந்த அளவுக்குக் குறையும். வயிரத்தின் சாயலும் இடத்துக்கு இடம் மாறுவதால், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வளர்ந்த வால்நட்டுக்கென்றே தனி மதிப்பு வைத்திருக்கும் வணிகர்கள் உண்டு.

ஆயினும் எல்லாவற்றையும் மண்ணின் மேல் ஏற்றிவிட முடியாது. கலிபோர்னியாத் தோப்புகளில், அப்பகுதிக்கே உரிய வேறொரு கருவால்நட் இனத்தின் அடிக்கட்டையில், நாம் உண்ணும் கொட்டையைத் தரும் பாரசீக வால்நட்டை ஒட்டுக்கட்டி வளர்த்த முதிய மரங்களை அறுத்தால், ஒட்டுக்குக் கீழே கருமையும் மேலே வெளிர்பழுப்புமாகக் கட்டை பிரிந்து நிற்கும். வேர் ஒன்று, மண் ஒன்று, பாய்ந்த நீரும் ஒன்று. நிறமோ இனத்தின் வழியே சென்றிருக்கிறது. என் கணிப்பில், சாயலைச் சற்றுக் கூட்டவும் குறைக்கவும் சூழலால் இயலும். அடிப்படை நிறத்தை வகுப்பது மரபுக்கூறே.

கடையில் கிடைக்கும் பலகையில் இதனைச் சோதிப்பதும் எளிதன்று. இன்னும் உலராத பச்சைப் பலகையை நீராவியில் வைத்து, வெளிற்றைக் கருக்கச் செய்து வயிரத்தோடு ஒன்றச் செய்வது அமெரிக்க மர ஆலைகளின் வழக்கம். அதனால் வயிரத்தின் சாயல் வேறுபாடுகளும் ஓரளவு மங்கிவிடும். பின்னர் வெளிச்சம் பட்டு நாளாக ஆக, வால்நட்டின் கருநிறமும் வெளுக்கத் தொடங்கும்.