பொறுதிச் சிகிச்சை: ஒவ்வாமைக்கு ‘எதிர்ப்பு’ எதற்கு?

‘உணவு ஒவ்வாமைக்குப் பாதுகாப்பான நோய் எதிர்ப்புச் சிகிச்சை’. செய்திகளில் வரும் இந்தத் தொடரை இனியும் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் போக்கை மாற்றிச் செய்யும் சிகிச்சைக்கு ஆங்கிலத்தில் இம்யூனோதெரபி என்று பெயர். அதை எங்கே கண்டாலும் நம் மொழிபெயர்ப்பாளர்களின் கை ‘நோய் எதிர்ப்பு’ என்றே எழுதுகிறது. ஒவ்வாமையைப் பொறுத்தவரை இது பொருளைத் தலைகீழாக்கும் பிழை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘இம்யூனிஸ்’ என்றால் வரி, ஊழியம் போன்ற கடமைகளிலிருந்து விலக்குப் பெற்றவர். அந்த விலக்கே பின்னாளில் நோயிலிருந்து விலக்கு என்று மருத்துவத்துக்குள் வந்தது. மூலச்சொல்லில் எதிர்ப்பு இல்லை. ‘அலர்ஜி’ 1906இல் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கியது. ‘வேறு’, ‘செயல்’ என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. நம்முடைய ‘ஒவ்வாமை’ ஒவ்வு என்ற வினையின் எதிர்மறை. அதைவிடத் தெளிவான சொல் கிடைக்காது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். வேர்க்கடலை ஒவ்வாத குழந்தையின் உடலில் எதிர்ப்பு குறைந்தா போய்விட்டது? எதிர்க்க வேண்டாத ஒன்றை எதிர்ப்பதுதான் அங்கே சிக்கல். ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள், திசுக்களில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்களின் மேல் காத்திருக்கிறது. கடலைப் புரதம் வந்து அதில் ஒட்டியதும் அந்தச் செல்கள் வீக்கத்தையும் அரிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. தொண்டை வீங்கலாம், ரத்த அழுத்தம் சரியலாம், உயிரே போகலாம். அங்கே போய் ‘எதிர்ப்புச் சிகிச்சை’ என்றால் படிக்கும் பெற்றோர் என்ன நினைப்பார்கள்? பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி போதவில்லை, கூட்ட வேண்டும் என்றுதானே?

புற்றுநோய்க்கு அந்தப் பெயர் பொருந்தும், மறுக்கவில்லை. 2018இல் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்ஜோவுக்கும் நோபல் பரிசு கிடைத்ததே, அடங்கிக் கிடக்கும் எதிர்ப்பை அவிழ்த்துவிடும் வழியைக் கண்டதற்காகத்தான். ஒவ்வாமையில் செய்வது நேர் எதிரான வேலை: ஒவ்வாத பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்து எதிர்ப்பை அடங்கவைப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் தமிழிலும் ஒரே பெயர்தான் இருக்க வேண்டும் என்று யார் விதித்தது?

மற்ற ஆக்கங்களும் தேறவில்லை. ‘ஒவ்வாமைத் தடுப்பூசி’ என்கிறார்கள். வாய்வழி மருந்துக்கும் நாக்கடி மருந்துக்கும் தோலில் ஒட்டும் பட்டைக்கும் ஊசி எங்கே வந்தது? வேர்க்கடலைக்கு ஊசிவழி முயன்ற ஆய்வுகள் கடும் எதிர்வினைகளால் 1990களிலேயே கைவிடப்பட்டன. ‘டீசென்சிடைசேஷன்’ என்பதற்கு எழுதும் ‘உணர்வு நீக்கம்’ இன்னும் மோசம். மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்று தோன்றும். ‘பழக்கப்படுத்தல்’ புரிகிறது, ஆனால் அபாயமானது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்று வீட்டிலேயே யாராவது தொடங்கிவிடுவார்கள். அமெரிக்காவில் 2020இல் அனுமதி பெற்ற, வேர்க்கடலை ஒவ்வாமைக்கான வாய்வழி மருந்தான பால்ஃபோர்சியா, அரை மில்லிகிராம் கடலைப் புரதத்தில் தொடங்கி, மாதக்கணக்கில் ஏற்றி, ஏறக்குறைய ஒரு கடலைப் பருப்பின் அளவான 300 மில்லிகிராமில் நிற்கிறது. முதல் அளவும் ஒவ்வொரு ஏற்றமும் மருத்துவர் கண்முன் நடக்க வேண்டும். காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோ இருந்தால், நேற்றுவரை தாங்கிய அளவே இன்று ஆபத்தாகலாம்.

என் சொல் ‘பொறுதிச் சிகிச்சை’. பொறு என்ற வேரில் தாங்குதலும் உண்டு, சினம் அடங்குதலும் உண்டு. உடலுக்கு நாம் கற்பிப்பது இரண்டையும்தான். ‘சகிப்புத்தன்மை’ சமயம், அரசியல் பேச்சுக்குப் போய்விட்டது. ‘ஏற்பு’ என்றால் உறுப்பு மாற்றம் நினைவுக்கு வரும். பொறுதியை இழக்கவும் கூடும் என்பது நமக்கு யாரும் சொல்லாமலே தெரியும். பொறுமை இழந்தான் என்கிறோம் அல்லவா? இந்தச் சிகிச்சையிலும் தினசரி அளவை நிறுத்தினால் பெற்ற பொறுதி பலருக்குத் தேய்ந்துவிடுகிறது. ‘குணமாக்கும்’ என்ற அடைமொழியை இங்கே ஒட்டுகிறவர்கள் இதைப் படிக்கட்டும். பொறுதி பிடிக்கவில்லையென்றால் இம்யூனோதெரபி என்றே எழுதுங்கள். தூய்மைக்காகத் தவறான தமிழ்ச்சொல்லை எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

2024இல் உணவு ஒவ்வாமைக்கு அமெரிக்கா அனுமதித்த ஓமலிசுமாப் ஊசியையும் இதே ‘எதிர்ப்புச் சிகிச்சை’ மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். அது பொறுதி கற்பிப்பதில்லை. ஐஜிஇயைப் பிடித்து வைக்கிறது. பொறுதிச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால் அளவை ஏற்றும்போது வரும் எதிர்வினைகள் குறைகின்றன. ‘பாதுகாப்பான’ என்ற சொல் இந்த இடத்தில்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஆங்கில மூலத்தில் இருப்பது முன்னதைவிடப் பாதுகாப்பு கூடியது என்ற ஒப்பீடு. நம் செய்திகளில் ஒப்பீடு உதிர்ந்து, ‘பாதுகாப்பான’ என்ற முழு உறுதிமொழி ஆகிவிடுகிறது. இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களும் ஒவ்வாத உணவைத் தவிர்த்தே ஆக வேண்டும், கடும் எதிர்வினைக்கு அவசர மருந்தான எபிநெஃப்ரினைக் கையில் வைத்திருந்தே ஆக வேண்டும். ‘ஆபத்து குறைந்த’ என்று எழுதினால் போதும், இந்தக் குழப்பம் வராது.