முப்பது கிராம சபைகள்தான் உங்கள் கையில்

ஊராட்சித் தலைவர்களுக்கான பயிற்சி வகுப்பில் நான் முதலில் கேட்பது, "அடுத்த கிராம சபை என்றைக்கு?" என்பதைத்தான். தேதி எல்லோருக்கும் தெரியும். என்ன தீர்மானம் வைக்கப் போகிறீர்கள் என்றால்தான் தயக்கம். "அதெல்லாம் செயலர் எழுதிடுவார் சார்."

பதவிக்காலம் ஐந்தாண்டு. அரசியலமைப்பு அதற்கு மேல் ஒரு நாளும் தராது. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மொத்தம் முப்பது. அதுவும் முழுசாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தவர்கள் பொறுப்பேற்ற மூன்றாம் மாதமே ஊரடங்கு வந்தது. 2020 அக்டோபர் 2 கூட்டமும் ரத்தானது. 2025 ஜனவரி 5-இல் அவர்கள் காலம் முடிந்தபோது, போன நாட்களை யாரும் திருப்பித் தரவில்லை.

ஒரு சிமெண்ட் ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்மானம், ஓவர்சியரின் எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை, எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் பதிவு, அப்புறம் பில். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேஜை, ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு லீவு. நாலாம் வருஷம் ஆரம்பிக்கிற பெரிய வேலை பெரும்பாலும் அடுத்து வருபவரின் கல்வெட்டில்தான் முடியும். அதனால் முதல் வருஷமே ஊருக்கு முக்கியமான இரண்டு வேலைகளை முடிவுசெய்து, எந்தக் கிராம சபையில் எது வரவேண்டும் என்று காலண்டரில் குறித்துவிடுங்கள். மற்றவை நடந்தால் நல்லது.

பெண் தலைவர்களுக்கு நெருக்கடி வேறு மாதிரி. சமையல், பிள்ளைகள், மாடு என்று காலை போய்விடும். ஒன்றிய அலுவலகத்துக்கு வீட்டுக்காரர் போய்வருவார். ஆறு மாதத்தில் அதிகாரிகள் அவரைத்தான் 'தலைவரே' என்பார்கள். பாதி இடங்கள் பெண்களுக்கு என்ற சட்டம் நாற்காலியைத் தரும். அதில் உட்காரும் நேரத்தை வீட்டில் பேசித்தான் வாங்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு தலைவி செவ்வாய்க்கிழமை காலையை மட்டும் அப்படி வாங்கினார். பெரிதாக எதுவும் செய்யவில்லை, ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து வவுச்சர் கட்டைப் பிரித்துப் படித்தார். ஒரு நாள், "இந்த மோட்டாருக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் காயில் கட்டுறோம்?" என்று கேட்டார். செயலரிடம் பதில் இல்லை. டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டு விசாரித்தால், போர்வெல்லில் தண்ணீர் இறங்கிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஓட்டும் நேரத்தைப் பிரித்து எழுதி மோட்டார் அறையிலேயே ஒட்டினார்கள். செலவு மிச்சமானது ஒரு பக்கம். அதற்குப் பிறகு எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓவர்சியரிடம் கேள்வி கேட்கும் தைரியம் அவருக்கு வந்தது. தலைமைப் பண்பு பற்றி நான் எடுக்கும் வகுப்பு எதிலும் அது வந்ததில்லை.

காதுகுத்து, கல்யாணம், துக்கம் எதையும் தவிர்க்கச் சொல்லவில்லை. சொன்னாலும் ஊரில் நடக்காது. ஆனால் விசேஷ வீட்டுப் பந்தலில் வைத்து எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரம் என்று நீட்டுகிறவரிடம், "சரி, செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போங்கள்.