மூளையில் சிப் வைத்தால் அப்பா எழுந்து நடப்பாரா?

தென்னையில் இருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள் நாகர்கோவிலில் நரம்பியல் பார்க்கும் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். இப்போதெல்லாம் அவர்களுடைய பிள்ளைகள் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "டாக்டர், மூளையில சிப்பு வச்சா அப்பா நடப்பாரா? நிலத்த வித்தாவது பண்ணிருவோம்" என்று கேட்கிறார்கள். நிலம் என்றதும் பதறுகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த சிப்பின் முதல் வேலை மூளையை ஒட்டுக்கேட்பது. ஒரு நரம்பணு (நரம்பு செல்) எழுப்பும் மின்துடிப்பு சுமார் ஒரு மில்லி நொடிதான், அணுவுக்கு வெளியே அதன் அளவு பெரும்பாலும் ஒரு வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் ஈஈஜியில் (கரண்ட் வைப்பீர்களா என்று பயப்படுகிறார்கள், வைக்க மாட்டோம், உங்கள் மூளையில் இருந்து வருவதைப் பதிவு மட்டும்தான் செய்வோம்) லட்சக்கணக்கான அணுக்களின் சத்தம் கலந்துதான் கிடைக்கும், கோட்டாறு சவேரியார் திருவிழா இரைச்சலை செட்டிகுளம் சந்திப்பில் நின்று கேட்பதுபோல. ஒரே ஓர் அணுவைக் கேட்க மின்முனை (மின்துடிப்பைப் பிடிக்கும் நுனி) அதன் பக்கத்திலேயே, சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் போயாக வேண்டும். அதற்காகத்தான் கம்ப்யூட்டர் சிப் செய்யும் முறையிலேயே சிலிக்கானைச் செதுக்குகிறார்கள். 2017-இல் வெளிவந்த நியூரோபிக்சல்ஸ் ஊசி 70 மைக்ரோமீட்டர் அகலம், 20 மைக்ரோமீட்டர் கனம். அதில் 960 பதிவுப் புள்ளிகள்.

2004-இல் அமெரிக்காவில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞரின் மூளையில் 4 மில்லிமீட்டர் சதுரத்தில் ஏறக்குறைய நூறு ஊசிகள் கொண்ட சிப்பை வைத்தார்கள். நினைத்த மாத்திரத்தில் திரையில் கர்சர் நகர்ந்தது. கால் நகரவில்லை. 2023-இல் மூளைப் பதிவையும் முதுகில் தரும் மின்தூண்டலையும் இணைத்து ஒருவரை ஊன்றுகோலோடு நடக்க வைத்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் அவருக்குத் தண்டுவடம் முழுதாக அறுபட்டிருக்கவில்லை, நீண்ட பயிற்சியும் தேவைப்பட்டது.

வீடியோவில் வராத இன்னொன்று, மூளை வெண்ணெய்போல் மென்மையானது, ஒவ்வொரு மூச்சுக்கும் இதயத்துடிப்புக்கும் லேசாக அசையும். விறைப்பான சிலிக்கான் அதற்குள் உரசிக்கொண்டே இருந்தால் சுற்றியுள்ள செல்கள் அதை அந்நியப் பொருளாகப் பார்த்துத் தழும்பு கட்டிவிடும், அப்புறம் மாதங்கள், வருடங்கள் போகப் போக சத்தம் மங்கும். மெல்லிய இழைகளாகச் செய்தால் தழும்பு குறையலாம், ஆனால் 2024-இல் நியூராலிங்க் என்ற அமெரிக்க நிறுவனம் முதல் மனிதருக்கு வைத்தபோது சில வாரங்களிலேயே பல இழைகள் மூளையில் இருந்து பின்வாங்கிவிட்டன.

இது இன்னும் ஆய்வு நிலையில் இருப்பது. ஒழுங்கான ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும், சோதனைச் சிகிச்சைக்கு உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள். முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நாளைக்கு நல்ல ஆய்வு ஒன்று வந்தாலும், உடம்பில் தொற்று இருக்கும்போது மூளையில் எதையும் பொருத்த மாட்டார்கள். அதனால் படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்க வையுங்கள், இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள், சிறுநீர் கலங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே கூட்டி வாருங்கள்.