மூர், ஃபெல்: ஈரமேடும் மேய்மலையும்

வட இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடரைக் காட்டும் நிலப்படத்தில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒன்று மூர், மற்றொன்று ஃபெல். ஆல்ஸ்டன் மூர், ஸ்டெயின்மோர், கிராஸ் ஃபெல், டஃப்டன் ஃபெல் என்று பெயர்கள் வரிசையாக வரும். தமிழில் பயணக் கட்டுரை எழுதுகிறவர்களும் கதைகளை மொழிபெயர்ப்பவர்களும் மூரைத் 'தரிசு நிலம்' என்றோ 'சதுப்பு நிலம்' என்றோ எழுதுகிறார்கள். ஃபெல் 'குன்று' ஆகிவிடுகிறது. இந்த மூன்று சொல்லும் எனக்கு நிறைவு தரவில்லை. அந்த நிலம் எப்படிப்பட்டது, அங்குள்ளவர்கள் அதை எதற்காக அப்படி அழைக்கிறார்கள் என்பது இவற்றில் வந்து சேரவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். இலங்கை முஸ்லிம்களை ஆங்கிலத்தில் 'மூர்' என்று குறிக்கும் வழக்கம் உண்டு. தமிழில் அவர்கள் சோனகர். அந்த 'மூர்' இலத்தீன் வழியாக வந்து, போர்த்துக்கீசர் வாய்வழியாக இலங்கைக்கு வந்த சொல். இங்கே பேசும் நிலப்பெயருக்கும் அதற்கும் எழுத்தொற்றுமை தவிர வேறு உறவில்லை. அதேபோல ஆங்கிலத்தில் 'விழுந்தது' என்பதும், மரத்தை 'வெட்டிச் சாய்' என்பதும், 'தோல்' என்ற பழஞ்சொல்லும் ஃபெல் என்றே எழுதப்படுகின்றன. மலைப்பெயரான ஃபெல் இவற்றில் எதனோடும் சேராது. எந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் எடுத்தால் மலை 'விழுந்துவிடும்', கவனம் தேவை.

மூர் பழைய ஆங்கிலச் சொல். அன்றைய வடிவம் 'மோர்'. அதற்கு முதற்பொருள் உயரம் அல்ல, ஈரம். நீர் ஊறி நிற்கும், ஏர் பூட்ட முடியாத நிலம் என்பதே அதன் உட்கரு. ஜெர்மன் மொழியில் இன்றும் 'மோர்' என்றால் சதுப்புதான். இங்கிலாந்தின் தெற்கிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1685இல் போர் நடந்த செட்ஜ்மூர், சாமர்செட் மாவட்டத்தில் கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம். அங்கே மலையும் இல்லை, மேடும் இல்லை. பெயரில் மூர் நிற்பதற்குக் காரணம் தண்ணீர் மட்டும்தான். தாழ்வான ஈர நிலங்களில் பலவற்றை வடிகால் வெட்டி வயலாக்கிவிட்டார்கள். மழையும் குளிரும் மிகுந்த மேட்டு நிலங்கள் அப்படியே தங்கின. சொல்லும் அவற்றோடு மேலே தங்கிவிட்டது. இன்று மூர் என்றதும் மரமில்லாத, காற்றடிக்கும் உயர்நிலம் மனத்தில் வருவது இப்படித்தான். ஸ்காட்லாந்தில் இதே சொல் 'மியூர்' என்று ஒலிக்கும்.

கிராஸ் ஃபெல்லின் கிழக்குச் சரிவில் மூர் ஹவுஸ் என்ற இடம் இருக்கிறது. 1952இல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மூர் என்றால் என்ன என்று காலால் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. தொலைவிலிருந்து பார்த்தால் பழுப்பும் கரும்பச்சையுமாக வறண்டு கிடப்பதுபோல் இருக்கும். ஓரடி வைத்தால் காலணி கணுக்கால்வரை இறங்கும், எடுக்கும்போது 'சளக்' என்று இழுக்கும். காலடியில் இருப்பது ஸ்பாக்னம் பாசி. வெளிர்பச்சையும் செம்மையுமாக மெத்தைபோல் பரந்திருக்கும். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் குளித்த துண்டைப் பிழிந்ததுபோல் நீர் கொட்டும். தன் உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்கு வரை அது நீரைப் பிடித்து வைக்கும். அதன் உடலில் வெற்று அறைகளாக இருக்கும் உயிரணுக்களே இதற்குக் காரணம்.

பாசி மடிந்தாலும் மக்கிப் போவதில்லை. நீர் தேங்கிய இடத்தில் காற்று புகாது; பாசியே சுற்றியுள்ள நீரை அமிலமாக்கியும் விடுகிறது. மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அங்கே வேலை செய்ய முடியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில் மேல்மேலாகப் படிந்து, கருப்பட்டி நிறத்தில் ஒரு மண் உருவாகிறது. இதுதான் பீட். 3 மீட்டர் ஆழத்துக்கு அது கிடந்தால் மூவாயிரம் ஆண்டு அங்கே படுத்திருக்கிறது என்று பொருள். இதன் மேலேதான் ஹெதர் புதர் ஆகஸ்டில் ஊதா நிறமாகப் பூக்கும், பஞ்சுப்புல் வெண்கொத்தாக ஆடும்.

இப்போது 'தரிசு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தரிசு என்றால் பயிரிட்டிருக்க வேண்டிய நிலம் பயிரிடாமல் கிடக்கிறது என்று பொருள். அதில் ஒரு குறை சொல்லும் தொனி இருக்கிறது. மூர் அப்படிக் கைவிடப்பட்ட வயல் அல்ல. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும் நிலம்: மழையைப் பிடித்து மெல்ல விடுகிறது, கரியைப் புதைத்து வைக்கிறது, தங்க உப்புக்கொத்திப் பறவைக்குக் கூடு கட்ட இடம் தருகிறது. இங்கிலாந்தின் சட்ட வழக்கும் இதே தவற்றைச் செய்தது. பழைய பண்ணைச் சொத்துகளில் உழாத பொது நிலத்துக்கு அவர்கள் வைத்த பெயருக்கு 'வீண் நிலம்' என்றே பொருள். வீண் என்று பெயர் வைத்தால் அதைத் திருத்தத் தோன்றும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசு மானியத்தோடு பென்னைன் மூர்களில் ஆயிரக்கணக்கான வாய்க்கால்களை வெட்டினார்கள், நீரை வடித்துவிட்டால் மேய்ச்சல் பெருகும் என்று நம்பி. மேய்ச்சல் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. பீட் காய்ந்து வெடித்து, மழையில் கரைந்து ஆற்றில் போனது. இப்போது அதே வாய்க்கால்களை ஒவ்வொன்றாக அடைத்து வருகிறார்கள். ஒரு சொல் நிலத்தை என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா? மூரைத் தமிழில் எழுதும்போது 'தரிசு' என்பதை நான் தொடுவதே இல்லை.

'சதுப்பு நிலம்' பொருளால் இன்னும் கிட்டத்தில் வருகிறது. ஆனால் தமிழ் வாசகருக்குச் சதுப்பு என்றதும் பள்ளிக்கரணையும் பிச்சாவரமும் நினைவில் வரும், அதாவது கடலோரம், பள்ளம், வெப்பம். மேகம் தொட்டுப்போகும் உயரத்தில் ஒரு சதுப்பை அந்தச் சொல் காட்டாது. பழந்தமிழில் 'வன்புலம்' என்று அருமையான ஒரு சொல் உண்டு. குறிஞ்சியும் முல்லையும் வன்புலம், மருதமும் நெய்தலும் மென்புலம். மூருக்கு இதை எடுக்கலாமா என்று நெடுநாள் யோசித்தேன். உயரமும் மேய்ச்சலும் பொருந்துகின்றன, ஆனால் கால் புதைகிறதே. வன்மை என்ற சொல்லின் உயிரே அங்கே இல்லை. 'கரம்பை' என்று எழுதுவாரும் உண்டு. அது நம் உழவர் பேச்சில் ஏரி, குளத்திலிருந்து அள்ளும் வண்டல் மண்ணையும் குறிப்பதால் குழப்பம் வரும்.

ஈரமும் மேடும் சேர்ந்ததுதான் மூர் என்றால், அதை அப்படியே சொல்லிவிடலாம்: ஈரமேடு. பரந்த நிலப்பரப்பைக் குறிக்க வேண்டிய இடத்தில் 'ஈரமேட்டு நிலம்'. பள்ளத்தில் நீர் தேங்குவது இயல்பு; மேட்டிலே ஈரம் என்பது படிப்பவரை ஒரு நொடி நிறுத்தும். மூரின் வியப்பும் அதுவே என்பதால் இந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. பீட் ஆழமாகப் போர்த்திய பகுதியை மட்டும் தனியே குறிக்க 'மலைச்சதுப்பு' போதும்.

ஃபெல்லின் கதை வேறு. அது கடல் கடந்து வந்த சொல். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'ஃபியால்', 'ஃபெல்' என்றால் மலை. நார்வேயில் இன்றும் மலைக்கு இதே சொல்தான், ஐஸ்லாந்திலும் அப்படியே. பத்தாம் நூற்றாண்டை ஒட்டி அயர்லாந்து, மேன் தீவு வழியாக வடமேற்கு இங்கிலாந்தில் குடியேறிய நார்ஸ் மக்கள் இதைக் கொண்டுவந்தார்கள். மேன் தீவின் மிக உயர்ந்த மலைக்கு ஸ்னேஃபெல் என்று பெயர். 'பனிமலை' என்பது பொருள். ஓடையைக் குறிக்கும் 'பெக்', அருவியைக் குறிக்கும் 'ஃபோர்ஸ்', மலைக்குளத்தைக் குறிக்கும் 'டார்ன்', பள்ளத்தாக்கைக் குறிக்கும் 'டேல்' ஆகியவற்றிலும் அவர்களின் பேச்சு இருக்கிறது. அவர்கள் குடியேறாத தென்மேற்கில் டார்ட்மூர் உண்டு, எக்ஸ்மூர் உண்டு, ஃபெல் கிடையாது. ஒரு சொல் எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே ஒரு மக்கள் கூட்டத்தின் எல்லையும் தெரிகிறது.

ஆனால் வேர்ச்சொல்லோடு நின்றுவிட்டால் ஃபெல்லை 'மலை' என்று மொழிபெயர்த்து முடித்துவிடலாம். ஊராரின் வாயில் அது அதற்கு மேலும் ஒன்றைச் சுமக்கிறது. கிராஸ் ஃபெல்லுக்கு மேற்கே, ஈடன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஓரமாக மலையடி ஊர்களைப் பாருங்கள். டஃப்டன் ஊருக்கு டஃப்டன் ஃபெல், நாக் ஊருக்கு நாக் ஃபெல், மர்ட்டனுக்கு மர்ட்டன் ஃபெல், மெல்மர்பிக்கு மெல்மர்பி ஃபெல். ஒவ்வோர் ஊரும் தனக்கு மேலே உள்ள மலையைத் தன் பெயரால் அழைக்கிறது, ஏனென்றால் அந்த ஊர் ஆடுகள் அங்கேதான் மேய்கின்றன. ஊரைச் சுற்றி வேலிக்குள் வயல், அதற்கு மேலே கல் அடுக்கிய மதில், மதிலுக்கு அப்பால் ஃபெல். ஓர் உழவர் 'ஆடு ஃபெல்லில் இருக்கிறது' என்றால் மதிலைத் தாண்டிய பொது மேய்ச்சலில் இருக்கிறது என்று அர்த்தம். சிகரத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

அந்த மேய்ச்சலில் வேலி இல்லை. பல பண்ணைகளின் ஆடுகள் ஒரே மலையில் திரியும். ஆனால் ஒவ்வொரு மந்தையும் தன் இடத்தை விட்டுப் போகாது. தாய் ஆட்டின் பின்னே நடந்து நடந்து குட்டி அந்த எல்லையைக் கற்றுக்கொள்கிறது, பிறகு தன் குட்டிக்குக் காட்டுகிறது. இதை அங்கே 'ஹெஃப்ட்' என்பார்கள். இதுவும் நார்ஸ் வழி வந்த சொல்தான். பண்ணை கைமாறும்போது மந்தையும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறுவது உண்டு. 2001இல் கோமாரி நோய் பரவியபோது, இந்த மலைகள் உள்ள கம்பிரியா மாவட்டத்தில் இப்படிப்பட்ட மந்தைகள் பலவற்றைக் கொன்றொழிக்க வேண்டியிருந்தது. வேறெங்கிருந்தோ புதிய ஆடுகளை வாங்கிவிடலாம், அவற்றுக்கு அந்த மலையைத் தெரியாது. ஹெஃப்டுக்கு 'மந்தைப் பழக்கம்' என்று எழுதினால் பாதிப் பொருள் போய்விடும்; 'இடம்பழகிய மந்தை' என்றால் ஓரளவு நெருங்கலாம்.

'குன்று' இங்கே பொருந்தாததற்கு இரண்டு காரணம். கிராஸ் ஃபெல் 893 மீட்டர், பென்னைன் தொடரின் மிக உயர்ந்த இடம். அதைக் குன்று என்றால் சிறுத்துப்போகிறது. குன்று வடிவத்தை மட்டும் சொல்லும் என்பது அடுத்த காரணம். ஃபெல்லில் இருக்கும் உரிமையும் மேய்ச்சலும் அதில் இல்லை. நம் வருவாய்த் துறைப் பதிவேடுகளில் இதற்கு நேரான ஒரு கருத்து இருக்கிறது: மேய்க்கால் புறம்போக்கு. ஊர் முழுவதற்கும் பொதுவான மேய்ச்சல் நிலம். புறம்போக்கு என்ற சொல்லை நாம் வசவாக்கிக்கொண்டது வருத்தத்துக்குரியது, அதனால் இலக்கிய நடையில் அதை வைக்கத் தயக்கம் வருகிறது. ஆனால் மேய்ச்சல் என்ற கருவை எடுத்துக்கொள்ளலாம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாக 'மேய்மலை' என்று அமைத்தால் மலையும் மேய்ச்சலும் ஒரே சொல்லில் அடங்கும், முக்காலத்துக்கும் பொருந்தும். நேற்று மேய்ந்த மலை, இன்று மேய்கிற மலை, நாளை மேயும் மலை.

பெயர்களை மட்டும் மாற்றக்கூடாது. கிராஸ் ஃபெல் கிராஸ் ஃபெல்லாகவே இருக்கட்டும், ஆல்ஸ்டன் மூரும் அப்படியே. பொதுச்சொல்லாக வருமிடத்தில்தான் தமிழ் வேண்டும்.

ஒரு சிறு பத்தியில் வைத்துப் பார்ப்போம். 1965இல் திறக்கப்பட்ட பென்னைன் நெடுநடைப்பாதை இந்த மலையைக் கடந்துதான் போகிறது:

'டஃப்டனை விட்டுக் கிளம்பினால் கடைசி மதில்வரை பசும்புல். மதிலின் சிறு கதவைத் திறந்து மேய்மலைக்குள் நுழைந்ததும் பாதை மங்கிவிடும். ஆடுகள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனியும். நாக் ஃபெல்லையும் வெள்ளைக் கோளம்போல் ரேடார் நிற்கும் கிரேட் டன் ஃபெல்லையும் தாண்டி, கிராஸ் ஃபெல்லின் தட்டையான உச்சியில் ஏறும்போது வடகிழக்கிலிருந்து காற்று அறையும். இந்த மேற்குச் சரிவில் இறங்கும் அந்தக் காற்றுக்கு ஹெல்ம் என்று ஊரார் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். கிழக்கே பார்த்தால் ஈரமேடு, கண்ணுக்கு எட்டியவரை ஈரமேடு. அதன் நடுவே ஒரு கோடாகத் தொடங்குகிறது டீஸ் ஆறு.'